பழைய பெட்டியில் ஒரு மழை

முதலில் பேரைக் கெடுத்தது மக்காச்சோள வியாபாரி வையாபுரி. அதற்குப் பிறகுதான் முதலாளி நாச்சிமுத்து. பன்னிரண்டு வருடமாகச் செங்கோடனின் மனதில் இந்த வரிசை முன்பின் ஆனதே இல்லை. காலையில் பல் துலக்கும்போது வையாபுரி வருவார், அவர் முதுகுக்குப் பின்னால் நாச்சிமுத்து வருவார், வாய் கொப்பளித்துத் துப்பியதும் இருவரும் ஒதுங்கிக்கொள்வார்கள், சோற்றுத் தட்டின் முன் உட்கார்ந்தால் மறுபடி வந்து நிற்பார்கள். இன்றைக்கு மூன்றாவதாக இந்தக் கம்ப்யூட்டரும் அந்த வரிசையில் சேர்ந்துகொள்ளப் பார்க்கிறது. சங்ககிரியிலிருந்து திருச்செங்கோடு போகிற சாலையோரத்தில், லாரிகளை ஏற்றி எடை போடும் மேடைக்குப் பக்கத்தில், பத்துக்குப் பத்து அறையில், மேசைக்கு அடியில் பதினாலு வருடமாக இருக்கிற கறுப்புப் பெட்டி. காலையில் ஈரோட்டிலிருந்து வந்த மெக்கானிக் ஜாபர் அதன் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, உள்ளே இருந்த தூசியை ஊதி, செங்கோடன் மூக்கைப் பொத்திக்கொள்ளும்வரை காத்திருந்துவிட்டுச் சொன்னான். "பெட்டி நல்ல பெட்டிதானுங்ணா. இதோட மூளை இன்னும் அஞ்சு வருசம் தாங்கும். ரேமு பத்தலை, அத வாங்கிப் போட்டுக்கலாம். ஹார்டு டிஸ்க்குதான் சரியில்லை. காதை வெச்சுக் கேளுங்க." செங்கோடன் குந்தி உட்கார்ந்து காதை வைத்துக் கேட்டார். உள்ளே யாரோ நகத்தை நகத்தால் சுண்டுவது போல ஒரு சத்தம். சுண்டும், நிற்கும், நாலு மூச்சு விட்டு மறுபடி சுண்டும். "புதுசுக்கு மாத்தறப்ப உள்ள இருக்கறது வந்தாலும் வரும், போனாலும் போயிரும். நான் வாக்குக் குடுக்க மாட்டனுங்ணா. இல்லீன்னா பேசாம புதுப் பெட்டியே போட்டுக்கோங்க. கேமரா, போனுக்கு மெசேஜு, அல்லாம் வந்துரும். பழைய எடைச் சீட்டு மட்டும் அதுல வராது. வேற சாப்ட்வேரு." அப்படியே விட்டுவிட்டால் என்ன என்று செங்கோடன் கேட்டார். "ஓடற வரைக்கும் ஓடும். நிக்கிற அன்னைக்கி நின்னுரும்," என்றான் ஜாபர், நாலு திருகாணிகளையும் வாயில் கவ்விக்கொண்டு.

அவன் போய் மூன்று மணி நேரம் ஆகிறது. இப்போது மணி இரண்டே கால். நாலு மணிக்குச் சின்ன முதலாளி கூப்பிடுவார். சின்ன முதலாளி என்றால் நாச்சிமுத்துவின் மகன் சிவநேசன். அப்பா போய்ச் சேர்ந்த மூன்று வருடமாக அவர்தான் பார்த்துக்கொள்கிறார். நல்ல பையன். முகத்துக்கு நேரே ஒரு கடுஞ்சொல் கூடப் பேசியதில்லை. "நீங்கதான் அதுல உக்காந்து வேலை செய்யறீங்க செங்கோடண்ணா, பழசயே சரிபண்ணலாமா, புதுசு வாங்கலாமா, நீங்களே ரோசனை பண்ணிச் சொல்லுங்க," என்று போனில் சொல்லிவிட்டார். அந்த வார்த்தைதான் காலையிலிருந்து மனதில் சுற்றிக்கொண்டிருக்கிறது. அறுபத்து நாலு வயதில் முதல் தடவையாக ஒருவர் அவரிடம் ரோசனை கேட்கிறார், கேட்டது இந்த விஷயத்தில் போய். சுமை தூக்கின காலத்தில் எந்த மூட்டையை எந்த லாரியில் ஏற்றலாம் என்று யாரும் கேட்டதில்லை. இடுப்பு போய் மூன்று மாதம் படுத்துக் கிடந்து எழுந்தபோது, இனி என்ன செய்யலாம் என்றிருக்கிறாய் என்று கேட்காமலேயே நாச்சிமுத்து கையைப் பிடித்துக் கூட்டிவந்து இந்த நாற்காலியில் உட்கார வைத்தார். "உக்காந்துட்டுப் பட்டனத் தட்டு, இதுக்கென்ன இடுப்பு வேணும்?" என்றார். அந்த நன்றி இருக்கிறது. இல்லையென்று செங்கோடன் ஒருநாளும் சொன்னதில்லை. அது இருப்பதால்தான் இன்னொன்று இத்தனை உறுத்துகிறது; நன்றி ஒரு பக்கமும் அது ஒரு பக்கமுமாக ஏறி உட்கார்ந்துகொண்டு, எந்தப் பக்கமும் இறங்காமல், பன்னிரண்டு வருடமாக நடுவில் அவர் நசுங்கிக்கொண்டிருக்கிறார். மின்விசிறி கிறீச்சென்றது. மேசைக்கு அடியில் நகம் சுண்டியது. சுண்டு, சுண்டு, என்று மனதுக்குள் சொன்னார். நாலு மணி வரைக்குமாவது சுண்டிக்கொண்டிரு.

பெட்டிக்குள் இருக்கிற ஒன்றேகால் லட்சம் சீட்டில் ஒரே ஒரு சீட்டுதான் செங்கோடனுடையது. முப்பத்தோராயிரத்து எழுநூற்றி ஆறு. ஐப்பசி மாதம். வையாபுரியின் லாரி காலையில் வெறும் வண்டியாக மேடை ஏறி எடை போட்டுக்கொண்டு போனது, சாயங்காலம் சோளம் ஏற்றிக்கொண்டு திரும்பி வந்தபோது மழை. மழையென்றால் மேடைக்கு அந்தப் பக்கம் நிற்கிற வேப்பமரம் தெரியாத மழை. தார்ப்பாயின் நடுக்குழியில் குளம் மாதிரித் தண்ணீர் தேங்கி நின்றது, கயிறெல்லாம் ஊறிப் பாம்பு மாதிரிப் பருத்துத் தொங்கியது. செங்கோடன் எடை போட்டு, சீட்டு அடித்து, கொடுத்துவிட்டார். மறுநாள் நல்ல வெயிலில் தார்ப்பாய் காய்ந்த பிறகு நாமக்கல் தீவன மில்லில் எடை போட்டார்கள். நூற்றெண்பது கிலோ குறைந்தது. அவ்வளவுதான் நடந்தது. மூன்றாம் நாள் வையாபுரி மில்லுச் சீட்டையும் இந்தச் சீட்டையும் ஒரே கையில் பிடித்துக்கொண்டு இதே ஜன்னலில் வந்து நின்றார். பின்னால் ஆறு டிரைவர்கள். "நாலாப்புப் படிச்சவனக் கம்ப்யூட்டர் முன்னால உக்கார வெச்சா எடை இப்படித்தான் வரும். மில்லுக்காரன் என்னைத் திருடனாட்டம் பாக்கறான்யா. இல்ல, நீ எவங்கிட்டயோ காசு வாங்கிக் கை நனைச்சிருக்கறே." ஆறு பேரும் கேட்டார்கள். நாச்சிமுத்து டீக்கடையிலிருந்து எழுந்து வந்தார். செங்கோடன் பேச வாயைத் திறப்பதற்குள் தோளில் கை வைத்தார். "அவரு நாள் தவறாம வர்ற பார்ட்டி செங்கோடா. தப்புதான்னு ஒரு வார்த்தை சொல்லிரு. வார்த்தைதானே." செங்கோடன் தோளிலிருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். ஏன் எடுத்தார் என்று இன்றுவரை தெரியவில்லை, யாரும் எடுக்கச் சொல்லவில்லை. "தப்புதானுங்க," என்றார். தன்னுடையதல்லாத ஒரு வார்த்தையைத் தன் வாயிலிருந்து எடுத்துக் கொடுத்தார். கொடுத்தது கொடுத்ததுதான், ஆனால் திரும்பி வர வேண்டும். இதே ஜன்னலில், இதே மாதிரி நாலு பேர் நிற்கும்போது, வையாபுரி வாயிலிருந்து ஒரு தடவை, நாச்சிமுத்து வாயிலிருந்து ஒரு தடவை. அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். டீ கூட வேண்டாம்.

அந்தச் சீட்டில் என்ன இருக்கிறது என்பது செங்கோடனுக்கு மட்டும் தெரிந்தது. கம்ப்யூட்டர் திரையில் வண்டி எண், சரக்கு, எடை, நேரம் எல்லாவற்றுக்கும் கீழே குறிப்பு என்று ஒரு கட்டம் உண்டு. அதில் எதையும் அடிக்கச் சொல்லி யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அதில் அடிப்பது காகிதத்தில் வராது. திரையில் மட்டும்தான் நிற்கும். மற்ற எடைமேடைகளில் எல்லாரும் அதைக் காலியாக விட்டுவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விடுவார்கள். செங்கோடனுக்கு ஒரு கட்டத்தைக் காலியாக விடுவது சாப்பிட்ட இலையில் ஒரு பதார்த்தத்தைத் தொடாமல் மூடுவது போல. ஆங்கில எழுத்தை அவர் பள்ளிக்கூடத்தில் கற்கவில்லை; சுமை தூக்கின நாளில் லாரிகளின் நம்பர் பலகையைப் பார்த்துப் பார்த்துக் கற்றது. அந்த எழுத்துகளை ஒரு விரலால் தேடித் தேடி, வெயில் என்றால் வெயில், மழை என்றால் மழை, டிரைவர் புதுசு, கிளீனர் உள்ளே தூங்குகிறான், ஸ்டெப்னி இல்லை, ஆட்டுக்குட்டி இரண்டு ஏறியிருக்கிறது, இப்படித் தமிழை ஆங்கில எழுத்தில் அடித்து வைப்பார். யாரும் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று அவரும் நினைக்கவில்லை. வையாபுரி திட்டிவிட்டுப் போய் ஒரு மாதம் கழித்து, விடியற்காலையில் மூத்திரம் போக எழுந்தபோதுதான் பொறி தட்டியது: அன்றைக்கும் அடித்திருப்போமே. மழை என்று அடித்திருப்போம். பெட்டிக்குள் மழை இருக்கிறது. அன்றைக்கு அவர் பட்ட சந்தோஷத்தில் மனைவி பாவாயியை எழுப்பிச் சொன்னார். அவள் கண்ணைத் திறக்காமலேயே, "அப்பறம் என்ன, போயிக் காட்டு," என்றாள். போய்க் காட்டுவதா? கடன் கொடுத்தவன் போய்க் கதவைத் தட்டுவதா? ஒரு நாள், ஒரே ஒரு நாள், அவர்களில் யாராவது, அன்னைக்கி என்னதான்யா நடந்துச்சு என்று கேட்பார்கள், அப்போது ஒன்றும் பேசாமல் எண்ணை அடித்துத் திரையை அவர்கள் பக்கம் திருப்புவது என்று வைத்துக்கொண்டார். திரையின் கால் இறுகிப்போய்விடக் கூடாதென்று மாதத்துக்கு ஒரு தடவை தேங்காயெண்ணெய் விட்டுத் திருப்பித் திருப்பிப் பழக்கினார். யாரும் கேட்கவில்லை. நாச்சிமுத்து கேட்காமலேயே கண்ணை மூடினார். பாடை தூக்கும்போது செங்கோடனும் ஒரு பக்கம் தோள் கொடுத்தார், அப்போதும் காதோரமாகச் சொல்லிவிடலாமா என்று இருந்தது.

ஆனால் அந்தச் சீட்டை அவர் இதுவரை திறந்து பார்த்ததில்லை. இதைப் பாவாயியிடம் கூடச் சொல்லவில்லை. எண் தெரியும், எந்த இடத்தில் அடித்தால் வரும் என்று தெரியும், ஒரு தடவை நாலு எண் அடித்துவிட்டு ஐந்தாவதை அடிக்காமல் விரலை எடுத்துவிட்டார். அடித்திருக்காவிட்டால்? அன்றைக்குப் பார்த்து, வரிசையில் நாலு வண்டி நின்ற அவசரத்தில், கட்டத்தைக் காலியாக விட்டிருந்தால்? இல்லை, விட்டிருக்க மாட்டேன். விட்டிருந்தால்? பார்க்காதவரை இருக்கிறது. பார்த்துவிட்டால் இருக்கும் அல்லது இருக்காது. ஒரு மணல் லாரி வந்து ஹாரன் அடித்தது. செங்கோடன் மேடையைப் பார்த்தார், தகடு காய்ந்து கிடந்தது, இருந்தாலும் பூஜ்யப் பொத்தானை ஒரு தடவை அழுத்தி, சிவப்பு எண்கள் பூஜ்யத்தில் நிற்பதைப் பார்த்து, மறுபடியும் ஒரு தடவை அழுத்தினார். "வா, வா, முன்னால வா, இன்னங் கொஞ்சம். நிறுத்து." டிரைவர் இறங்கி வந்து ஜன்னலில் கையை ஊன்றிக்கொண்டான். "ஏனுங்க, எத்தனை தடவைங்க அமுக்குவீங்க? உங்ககிட்ட வந்தா காலிங் பெல்லு வெச்ச வீட்டுக்கு வந்தாப்பல இருக்குது." செங்கோடன் சிரிக்கவில்லை. சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். அவன் போன பிறகும் விரல் பொத்தான் மேலேயே இருந்தது. இதுதான் அவருக்குள் இருக்கிற இன்னொரு பயம். இதை மனதுக்குள் கூட முழுதாகச் சொல்லிக்கொள்ள மாட்டார்; பாதி வரைக்கும் வரும், திருப்பி அனுப்பிவிடுவார். மழைநாளில் வண்டி வண்டியாக ஏறி இறங்கும்போது தகட்டின் மேல் சேறு நிற்கும், தண்ணீர் நிற்கும். ஒவ்வொரு வண்டிக்கும் முன்னால் பூஜ்யத்தை அழுத்தியாக வேண்டும். அழுத்தாவிட்டால் மேடையிலிருக்கிற சேறும் சோளத்தோடு சேர்ந்து எடையாகிவிடும். ஐம்பது கிலோ வரும். அறுபது கூட வரும். தார்ப்பாயும் கயிறும் தண்ணீரும் நூற்றெண்பது இருக்குமா? இருக்கும். இருக்க வேண்டும். அன்றைக்கு அழுத்தினேனா? விரலைக் கேட்டால் அழுத்தினேன் என்கிறது. விரல் எப்போது கேட்டாலும் அப்படித்தான் சொல்லும். ஆயிரம் நாள் அழுத்தினதை அது வைத்திருக்கிறது, அதிலிருந்து அந்த ஒரு சாயங்காலத்தை மட்டும் தனியே பிரித்து எடுத்துக் கொடு என்றால் அதற்குத் தெரியவில்லை. மின்சாரம் போய் வந்தது அன்றைக்குத்தானா? மூன்றாவது வண்டிக்கும் நாலாவது வண்டிக்கும் நடுவில் யாரோ தீப்பெட்டி கேட்டார்களே, அது அன்றைக்கா? தீப்பெட்டி கொடுக்கத் திரும்பின நேரத்தில் வையாபுரி வண்டி ஏறிவிட்டதா?

மணி மூன்று இருபது. புதுப் பெட்டி என்று சொன்னால் இந்தப் பெட்டியை ஜாபர் தூக்கிக்கொண்டு போய்ப் பிரித்துப் போடுவான், மழை போய்விடும். பழசையே சரிபண்ணு என்று சொன்னால் மாற்றுகிற நேரத்தில் போனாலும் போய்விடும், அதற்கு நானே சொல்லி நானே போக்கடித்ததாக ஆகிவிடும். ஒன்றும் செய்யாதே என்று சொன்னால் நகம் சுண்டிக்கொண்டே இருந்து, ஒரு நாள் சுண்டாது. மூன்று வழியையும் வரிசையாக நிறுத்திப் பார்த்தார், மூன்றும் ஒரே ஊருக்குப் போகிற மாதிரி இருந்தது. போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளலாம். அவரிடம் இருப்பது பட்டன் போன், அதில் படம் எடுத்தால் கரியாக வரும். டிரைவர் யாரிடமாவது கொடுத்து எடுக்கச் சொன்னால், எதற்குங்க இது என்று கேட்பான். கேட்டால் சொல்ல வேண்டும். முன்பின் தெரியாதவனிடம் சொன்னால் அது சில்லறையாகச் செலவாகிவிடும். ஜாபரிடம், இந்த ஒரு சீட்டை மட்டும் எப்படியாவது எடுத்துக் கொடு தம்பி என்று கேட்டிருக்கலாம். காலையில் வாய் வரைக்கும் வந்தது. அவன் திருகாணியை வாயில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தான். அந்தப் பார்வைக்கே செங்கோடன், "ஒண்ணுமில்ல, டீ சாப்புடறியான்னு கேட்டேன்," என்றார். சரி, முதலில் இருக்கிறதா என்று பார்த்துவிடு. இல்லையென்றால் புதுசே வாங்கிப் போடுங்கள் என்று நிம்மதியாகச் சொல்லிவிடலாம். இல்லாமல் போனால் நிம்மதி என்று தோன்றியதும் அவருக்கு உடம்பு கூசியது. மூன்று, ஒன்று, ஏழு, பூஜ்யம். விரல் நின்றது. வெளியே ஒரு நாய் மேடைத் தகட்டின் மேல் நடந்துபோனது, சிவப்பு எண்கள் ஒரு கணம் பத்து காட்டிவிட்டுத் திரும்பின. ஆறு. பெட்டிக்குள் நகம் சுண்டியது, நின்றது, நீண்ட நேரம் நின்றது, செங்கோடன் மூச்சை விடவில்லை, பிறகு பலமாக இரண்டு தடவை சுண்டியது. திரை நிறைந்தது. வையாபுரி, மக்காச்சோளம், காலை மணி ஆறு நாற்பது, மாலை மணி ஏழு பதினொன்று. குறிப்பு. மழை. ஆங்கில எழுத்தில், பெரிய எழுத்தில், அவர் அடித்த மழை. இருந்தது. சிரிப்பு வரும் என்று நினைத்தார், வரவில்லை. பன்னிரண்டு வருடமாக மூடி வைத்த பெட்டியைத் திறந்து பார்த்தால் வைத்த பொருள் வைத்தபடி இருக்கிறது, ஆனால் கையில் எடுத்தால் இவ்வளவுதானா என்று இருக்கிறது. மழை என்று இருக்கிறது. பூஜ்யத்தை அழுத்தினேன் என்று இல்லை. அது எந்தக் கட்டத்திலும் இல்லை. அதற்குக் கட்டமே கிடையாது.

அப்போதுதான் வையாபுரியின் வண்டி வந்தது. வந்ததில் அதிசயம் ஒன்றும் இல்லை, வாரத்தில் மூன்று நாள் வருகிற வண்டிதான். ஆனால் அவரே கூட வருவது எப்போதாவதுதான். எழுபதைத் தாண்டிவிட்டார். டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்து, படியைப் பிடித்து, ஒரு காலை இறக்கி, யோசித்து, மறு காலை இறக்கினார். திரையில் சீட்டு திறந்திருக்கிறது. ஜன்னலில் அவர் வந்து நிற்கப்போகிறார். பின்னால் அவருடைய டிரைவர் நிற்கிறான், அவனுக்குப் பின்னால் செங்கல் லாரிக்காரன் நிற்கிறான். நாலு பேர் இல்லை, இரண்டு பேர்தான், பரவாயில்லை, இரண்டு பேர் போதும். "என்ன செங்கோடா, சௌக்கியமா?" என்றார் வையாபுரி. பன்னிரண்டு வருடமாக இதே கேள்விதான், ஒன்றுமே நடக்காத மாதிரி. "இன்னமும் இந்தப் பொட்டியத்தான் வெச்சுக்கிட்டு இருக்கறயா? மாத்தப் போறாங்களாம்ல, சிவநேசன் சொன்னான். எதுக்குய்யா மாத்தறது? இந்தப் பொட்டி பொய் சொல்லாது. மில்லுக்காரன் எடையில எனக்கு நம்பிக்கையே கிடையாது. உங்கிட்டப் போட்டா ஒரு கிலோ முன்னப்பின்ன இருக்காதுன்னு இந்த ரோட்டுக்கே தெரியும்." செங்கல் லாரிக்காரன் தலையை ஆட்டினான். இதுவா? இதுதானா அது? இல்லை, இது வேறு. இது வழியில் போகிறவன் வழியில் போகிறவனுக்குக் கொடுக்கிறது. இதை வாங்கிக்கொண்டால் அது தீர்ந்ததாகிவிடும். அவர் திரையைப் பிடித்தார். எண்ணெய் விட்டு வைத்திருந்த கால் சத்தமில்லாமல் ஜன்னல் பக்கம் திரும்பியது. "கொஞ்சம் படிச்சுப் பாருங்க," என்றார். வையாபுரி குனிந்து, கண்ணைச் சுருக்கி, திரைக்கு வெகு பக்கத்தில் மூக்கைக் கொண்டுவந்தார். "எனக்கென்னய்யா தெரியுது. கண்ணாடி வண்டியில கெடக்குது. நீயே படி." செங்கோடன் படித்தார். எண்ணைப் படித்தார், தேதியைப் படித்தார், வண்டி எண்ணைப் படித்தார், எடையைப் படித்தார். கடைசியில், "குறிப்பு, மழை," என்றார். வையாபுரி நிமிர்ந்து வானத்தைப் பார்த்தார். "மழையா? எங்க?" அவருடைய டிரைவரும் வெளியே எட்டிப் பார்த்தான். "இன்னைக்கி இல்லீங்க. பன்னெண்டு வருசத்துக்கு முந்தி." வையாபுரி கொஞ்ச நேரம் செங்கோடனின் முகத்தையே பார்த்தார். அந்தக் கொஞ்ச நேரத்தில், அந்தக் கண்ணுக்குள் ஏதோ ஒன்று எழுந்து வருகிற மாதிரி இருந்தது, வருகிறது, வந்துவிடும் என்று செங்கோடன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "பன்னெண்டு வருசத்து மழைய எதுக்குய்யா எடுத்து வெச்சிருக்கறே? ஊத்தறதுக்குக் கெணறு கிணறு வெட்டியிருக்கறயா?" என்று வையாபுரி சிரித்தார். இரண்டு டிரைவர்களும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை; அந்தச் சிரிப்பில் கெடுதல் ஒரு துளியும் இல்லை. அவர் மறைக்கவில்லை, நடிக்கவில்லை. அவரிடம் அந்த ஞாபகம் இல்லவே இல்லை. "என் சீட்டக் குடு, நேரமாச்சு. நாமக்கல் போயிச் சேரணும்." அன்னைக்கி நீங்க என்னை என்ன சொன்னீங்கன்னு ஞாபகம் இருக்குதுங்களா. வாக்கியம் முழுதாக நாக்கின் மேல் இருந்தது. அழுத்தினேனா என்று அதன் வாலைப் பிடித்து ஒன்று இழுத்தது. செங்கோடன் திரையைத் தன் பக்கம் திருப்பி, பூஜ்யத்தை அழுத்தி, வண்டியை மேடை ஏற்றி எடை போட்டு, சீட்டை அடித்துக் கொடுத்தார்.

போன் அடித்தபோது மணி நாலு ஆகியிருக்கவில்லை. மூன்று நாற்பத்தைந்து. இன்னும் கால் மணி இருந்தால் ஏதாவது ஒரு முடிவுக்கு வந்திருக்கலாம் என்று அவருக்குக் கோபம் வந்தது, அந்தக் கால் மணியையும் இவர் எடுத்துக்கொண்டார். "செங்கோடண்ணா, ரோசனை பண்ணுனீங்களா?" என்றார் சிவநேசன். பின்னால் குழந்தை அழுகிற சத்தம். செங்கோடன், "அதுங்க," என்றார். அதற்கு மேல் இருந்த எல்லாமும், தார்ப்பாய், கயிறு, துண்டு, உங்க அப்பா, எல்லாம் ஒரே நேரத்தில் வாசலுக்கு வந்து ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன. "நான் ஒண்ணு பண்ணிட்டனுங்ணா," என்றார் சிவநேசன். "மத்தியானம் ஜாபர் பேசுனான். பழசுல காசப் போட்டு அது நடுவுல நின்னு போச்சுன்னா உங்களுக்குத்தான் செரமம்னான். செரின்னு புதுசே சொல்லிட்டேன். நாளைக்கிக் காலையில வந்து மாட்டிருவான். உங்களுக்கும் அதுதான தோணியிருக்கும்?" செங்கோடன் ஜன்னல் வழியாக மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வையாபுரியின் வண்டி இறங்கிப் போய்விட்டது. காலையில் ரோசனை கேட்டது கேட்காததாகவே முடிந்தது. இதற்கா நான் நாலு மணியை எண்ணிக்கொண்டிருந்தேன். "பழசு எல்லாம் எடுத்து வெக்கணுமான்னு கேட்டான். யாரு பாக்கப்போறாங்க, வேண்டாம்னுட்டேன்," என்ற சிவநேசன், குழந்தையிடம் ஏதோ சொல்லிவிட்டுத் திரும்பி வந்து, "உங்களுக்கு அதுல இருந்து எதாச்சும் வேணுங்களாணா? இருந்தாச் சொல்லுங்க, எடுத்துக் குடுக்கச் சொல்றேன்," என்றார்.

கேட்டுவிட்டார். நாச்சிமுத்து பெற்ற பிள்ளை, நாச்சிமுத்துவின் குரலில், நாச்சிமுத்து கேட்காததைக் கேட்டுவிட்டார். முப்பத்தோராயிரத்து எழுநூற்றி ஆறு என்று சொன்னால் போதும். அது என்னங்ணா என்பார். சொன்னால் கேட்பார், நல்ல பையன், முழுக்கக் கேட்பார். கேட்டுவிட்டு, அய்யோ, அப்பா அப்படிச் சொன்னாங்களா, தப்புதானுங்ணா என்று சொன்னாலும் சொல்லிவிடுவார். அந்தப் பிள்ளை வாயிலிருந்து அதை வாங்கி என்ன செய்வது? அவர் கொடுக்க வேண்டியதில்லையே அது. பத்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தார் அப்போது, இல்லை பன்னிரண்டாம் வகுப்பு. ஆள் மாற்றிக் கொடுத்தால் கடன் அடையுமா? அது போக, எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, சும்மா, குற்றமாக இல்லாமல், அன்னைக்கிப் பூஜ்யம் அமுக்கியிருந்தீங்கல்ல என்று கேட்டுவிட்டால்? பொத்தான் மேலிருந்த விரல் குளிர்ந்தது. "ஒண்ணும் வேண்டாமுங்க," என்றார் செங்கோடன். அதைச் சொல்லும்போது இடது கை தோளுக்குப் போய்த் துண்டை எடுத்துவிட்டிருந்தது. மடியில் துண்டு கிடப்பதை அப்புறம்தான் பார்த்தார். "செரிங்ணா, வெச்சரட்டுங்களா?" என்று போன் நின்றது.

துண்டை மறுபடி தோளில் போட்டுக்கொண்டார். மேசைக்கு அடியில் நகம் சுண்டியது, நின்றது, சுண்டியது. அதற்கு எதுவும் தெரியாது, நாளைக் காலை வரை அது சுண்டும். கெட்டுப்போன ஒரு சீட்டின் பின்பக்கத்தை எடுத்து, பால்பாயிண்ட் பேனாவை உதறி, எண்ணை எழுதினார், தேதியை எழுதினார், இந்தத் தடவை தமிழிலேயே மழை என்று எழுதினார். நாலாம் வகுப்பு எழுத்து, கொஞ்சம் கோணல். எழுதி முடித்துப் பார்த்தால் மை ஈரமாக மின்னியது. இன்றைக்கு மத்தியானம் செங்கோடன் தன் கையால் தனக்கே எழுதிக்கொண்ட மழை. யாரிடம் காட்டினாலும் அதைத்தான் சொல்வார்கள், சொல்வது நியாயமும் கூட. நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். செங்கல் லாரிக்காரன் ஹாரனை அழுத்திக்கொண்டிருந்தான். கொடுக்க வேண்டியவர்களில் ஒருவர் கொடுக்காமலே போய்ச் சேர்ந்துவிட்டார். இன்னொருவர் இந்நேரம் ரயில்வே கேட்டைத் தாண்டி நாமக்கல் சாலையில் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருப்பார். வியாழக்கிழமை அவர் வண்டி மறுபடி வரும், இந்த ஜன்னல் அப்போதும் இதே இடத்தில்தான் இருக்கும். செங்கோடன் பூஜ்யத்தை அழுத்தினார். மறுபடியும் அழுத்தினார். "வா, முன்னால வா," என்றார்.